தங்கக் காசுக்கும் மூலப்பத்திரம் உண்டு

(ஆடியோ எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். ஒரே விஷயத்தை ரெண்டு தடவை சொன்ன இடங்களை வெட்டியிருக்கிறோம். மற்றபடி பேசியது அப்படியே.)

இன்னைக்கு கோடிங் கிடையாது, ஏஐ கிடையாது. தங்கம் பத்திப் பேசப் போறோம். "இப்ப வாங்கலாமா, விலை இறங்குமா"ன்னு கேட்கிற தங்கம் இல்ல. முந்நூறு, நானூறு வருஷத்துக்கு முன்னாடி ஐரோப்பாவில் அடிச்ச தங்க நாணயங்கள். அதைச் சேகரிக்கிறவங்க எதைப் பார்த்துக் காசு கொடுக்கிறாங்க, அதுதான் கேள்வி.

ஒரு சின்னக் கணக்கோட ஆரம்பிக்கலாம். 2022 அக்டோபரில் லண்டனில் ஸ்பிங்க் ஏல நிறுவனம் ஒரு தங்க நாணயத்தை 62,400 பவுண்டுக்கு வித்தது. அது ஒரு கினி. எடை எட்டு கிராமுக்குக் கொஞ்சம் மேல, 22 காரட். அன்றைய தங்க விலைக்கு அதை உருக்கி வித்திருந்தா, சுமார் 375 பவுண்டு கிடைச்சிருக்கும். அப்போ மிச்சம் 62,000 பவுண்டை ஒருத்தர் எதுக்காகக் கொடுத்தார்?

என்னோட பதில்: தகவலுக்காக. அந்தக் காசு எப்போ அடிச்சது, எப்படி அடிச்சது, யார் கையில் இருந்தது, எங்கே கிடைச்சது. நம்ம பாஷையில் சொன்னா, டேட்டாவை விட மெட்டாடேட்டா விலை அதிகம். இன்னும் நம்ம ஊர் பாஷையில் சொன்னா, மனை வாங்கும்போது மண்ணை மட்டுமா பார்க்கிறோம்? மூலப்பத்திரம் எங்கே, வில்லங்கம் இருக்கான்னு கேட்கிறோம் இல்லையா? காசுக்கும் அதேதான்.

சமையலறைத் தரைக்குக் கீழே

அந்தக் கினி வந்த இடத்தைப் பார்ப்போம். இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷயரில் எல்லர்பின்னு ஒரு கிராமம். 2019 ஜூலையில் அங்க ஒரு தம்பதி, பத்து வருஷமா குடியிருந்த பழைய வீட்டில் சமையலறைத் தரையைப் பெயர்த்து வேலை பார்த்துட்டு இருந்தாங்க. பலகையை எடுத்து, அதுக்குக் கீழே இருந்த ஆறு அங்குலக் கான்கிரீட்டை உடைச்சா, உள்ளே ஏதோ தட்டுப்பட்டது. முதலில் கரன்ட் வயர்னு நினைச்சாங்க. வெளியே வந்தது, கூல்டிரிங்ஸ் கேன் அளவுக்கு ஒரு மண் கோப்பை. உள்ளே 264 தங்கக் காசுகள்.

அதில் மிகப் பழையது 1610-ஐச் சேர்ந்தது, கடைசியானது 1727. முதலாம் ஜேம்ஸ் காலத்தில் ஆரம்பிச்சு முதலாம் ஜார்ஜ் காலம் வரைக்கும், நூறு வருஷத்துக்கு மேலான இங்கிலாந்து வரலாறு ஒரே கோப்பைக்குள்ள.

ஆய்வாளர்கள் வீட்டோட வரலாற்றைத் தோண்டினப்போ வந்து நின்ன பேர், ஃபெர்ன்லி-மைஸ்டர் குடும்பம். ஹல் துறைமுகத்து வணிகர்கள். பால்டிக் கடல் நாடுகளோட இரும்பு, மரம், நிலக்கரி வியாபாரம். ஜோசஃப் ஃபெர்ன்லி 1725-ல் இறந்தார். அவர் மனைவி சாரா மைஸ்டர் 1745 வரைக்கும் இருந்தாங்க. கோப்பையில் கடைசிக் காசு 1727-ன்னு சொன்னேன் இல்லையா? அப்போ ஜோசஃப் போன பிறகும் யாரோ அதில் காசு போட்டிருக்காங்க. பேங்க் ஆஃப் இங்கிலாந்து ஆரம்பிச்சது 1694-ல். காகித நோட்டு அப்போ புதுசு. "நோட்டை நம்பாம தங்கத்தைப் புதைச்சாங்க போல"ங்கிறது ஒரு ஊகம். ஊகம்தான், ஆனா வீட்டுக்குள்ள பத்திரமா வெச்ச விதத்தைப் பார்த்தா பொருந்தி வருது.

பிரிட்டனின் புதையல் சட்ட நடைமுறைப்படி அதைப் பரிசோதிச்சு, அரசு உரிமை கோராம விட்டதால், அது வீட்டுக்காரங்களுக்கே வந்து ஏலத்துக்குப் போச்சு. மொத்தம் 7,54,000 பவுண்டு. சராசரி பார்த்தா ஒரு காசுக்கு 2,850 பவுண்டுக்கு மேல. இத்தனைக்கும் அதில் பெரும்பாலானது சந்தையில் கை மாறி மாறித் தேய்ஞ்ச சாதாரணக் காசுகள்.

கினி: நம்ம பவுனோட அண்ணன்

இங்க ஒரு நிமிஷம் நிறுத்தி, கினின்னா என்னன்னு பார்த்துடலாம். 1663-ல் இரண்டாம் சார்லஸ் காலத்தில் ஆரம்பிச்ச தங்க நாணயம். மேற்கு ஆப்பிரிக்காவின் கினி கடற்கரையிலிருந்து தங்கம் வந்ததால் மக்கள் வெச்ச பேர் அது. ஒரு ட்ராய் பவுண்டு 22 காரட் தங்கத்தில் நாற்பத்து நாலரை காசு அடிக்கணும்ங்கிறது கணக்கு. அதாவது ஒரு காசு 8.387 கிராம்.

ஆரம்பத்தில் அதோட மதிப்பு 20 ஷில்லிங். ஆனா வெள்ளிக் காசுகளை ஓரத்தில் வெட்டி வெட்டி நாசம் பண்ணிட்டதால், 1695 வாக்கில் ஒரு கினி 30 ஷில்லிங் வரைக்கும் ஏறிச்சு. அப்புறம் இறங்கி, 1717-ல் 21 ஷில்லிங்னு நிலைச்சது. அப்போ நாணயச் சாலையின் தலைவர் யார்? ஐசக் நியூட்டன். ஆமா, அதே நியூட்டன்தான்.

பின்னாடி 1817-ல் கினியை எடுத்துட்டு 20 ஷில்லிங் சாவரின் கொண்டு வந்தாங்க. அதே 22 காரட், எடை மட்டும் 21-ல் 20 பங்கு: 7.988 கிராம். இந்த எண்ணைக் கேட்டா ஏதோ ஞாபகம் வருதா? நம்ம நகைக்கடையில் "ஒரு பவுன் எட்டு கிராம்"னு சொல்றோமே, அந்தப் பவுன் இந்த சாவரின்தான். அம்மா "அஞ்சு பவுன் செயின்"னு சொல்லும்போது, லண்டன் நாணயச் சாலையின் கணக்கைத்தான் சொல்றாங்க. அந்த வகையில் கினி நம்ம பவுனுக்கு அண்ணன் முறை.

சுத்தியலா, மெஷினா

இந்தக் காலத்து ஆங்கிலத் தங்கத்தைச் சேகரிக்கிறவங்க முதலில் பிரிச்சுப் பார்க்கிறது, 1662-க்கு முன்னாடியா, பின்னாடியான்னு.

முன்னாடி எல்லாம் சுத்தியல் காசு. அடியில் ஒரு அச்சு, மேல ஒரு அச்சு, நடுவில் தங்கத் தகடு, ஒரே போடு. ஒவ்வொண்ணும் கொஞ்சம் கோணலா இருக்கும், ஓரம் ஒழுங்கா இருக்காது. ஓரம் ஒழுங்கில்லைன்னா என்ன ஆகும்? யாராவது துளி வெட்டி எடுத்தாலும் தெரியாது. முதலாம் ஜேம்ஸின் யுனைட், அதுக்கப்புறம் வந்த லாரெல் எல்லாம் இந்த வகை.

1662-லிருந்து திருகு அழுத்த மெஷின் முழுசா வந்தது. காசு வட்டமா, சமமா வந்தது. கினியோட ஓரத்தில் சாய்வுக் கோடுகள் போட்டாங்க. பெரிய அஞ்சு கினிக் காசில் ஓரத்திலேயே லத்தீன் வாசகம்: "டெக்கஸ் எட் டூட்டாமென்". அழகும் காவலும்னு அர்த்தம். ஓரத்தை வெட்டினா எழுத்து போயிடும், உடனே மாட்டிக்குவாங்க. நம்ம வேலையில் ஃபைல் மாறியிருக்கான்னு பார்க்க செக்சம் போடுறோம் இல்லையா? இது 17-ஆம் நூற்றாண்டு செக்சம்.

அரிதுன்னா என்ன? நாலு வழி இருக்கு

"பழசு"ன்னா "அரிது"ன்னு அர்த்தம் இல்ல. இது முக்கியம். ஆயிரத்து எழுநூறு வருஷம் பழைய ரோமானியச் செப்புக் காசு இன்னைக்கும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது, ஏன்னா அவ்வளவு அடிச்சாங்க, அவ்வளவு மண்ணுக்குள்ள தப்பிச்சது. தங்கம் நேரெதிர். தங்கக் காசோட முதல் எதிரி திருடன் இல்ல, உலை. மதிப்பு இருக்கிறதாலேயே திரும்பத் திரும்ப உருக்கிப் புதுக் காசு ஆக்கிடுவாங்க. அதனால் எது எப்படித் தப்பிச்சதுன்னு பார்த்தா நாலு வகை வருது.

ஒண்ணு, அடிச்சதே கொஞ்சம். 1702-ல் ஸ்பெயினின் விகோ விரிகுடாவில் ஆங்கில, டச்சுக் கப்பற்படை ஸ்பானியப் புதையல் கப்பல்களைத் தாக்கிச்சு. பெரிய வெற்றின்னு ஊரே கொண்டாட்டம். ஆனா புதையலில் பெரும்பகுதியை ஸ்பானியர்கள் முன்னாடியே கரைக்குக் கொண்டு போயிட்டாங்க. நியூட்டன் கைக்கு வந்த தங்கம் மூணு கிலோ கூட இல்ல. இருந்தாலும் பிரச்சாரம் வேணுமே! ஆன் ராணியின் உருவத்துக்குக் கீழே "விகோ"ன்னு பொறிச்சு 1703-ல் காசு அடிச்சாங்க. அதில் அஞ்சு கினிக் காசு இன்னைக்கு இருக்கிறது இருபதுக்குள்ளதான். ஆங்கில நாணயங்களில் பலரும் கனவு காணுற காசு அது.

ரெண்டு, நிறைய அடிச்சாங்க, ஆனா உருக்கிட்டாங்க. சுத்தியலால் அடிச்ச பழைய தங்கக் காசுகளை 1733-ல் செல்லாததாக்கித் திரும்ப வாங்கினாங்க. 1770-களில் தேய்ஞ்ச கினிகளையும் வாங்கி உருக்கினாங்க. இப்போ எல்லர்பி கோப்பையை நினைச்சுப் பாருங்க. கடைசிக் காசு 1727. சுத்தியல் காசுக்குச் சாவு மணி 1733. ஆறு வருஷ இடைவெளி. அந்தக் கோப்பையை யாராவது சரியான நேரத்தில் திறந்திருந்தா, ஜேம்ஸ் காலத்துக் காசுகள் எல்லாம் அப்பவே உலைக்குப் போயிருக்கும். நமக்குப் பணமதிப்பிழப்பு எப்படின்னு தெரியுமே. அலமாரியில் மறந்துபோன நோட்டு மாதிரி, மறந்ததால்தான் அவை பிழைச்சது.

மூணு, பிழை. இப்போ அந்த 62,400 பவுண்டு கினிக்கு வர்றேன். 1720-ஆம் வருஷக் காசு. அதில் ராஜா தலையே இல்ல. ரெண்டு பக்கமும் பூ, அதாவது பின்பக்கம். மெஷினில் இந்த மாதிரிப் பிழை வர ஒரு வழி என்னன்னா, முன்னாடி அடிச்ச காசு அச்சிலேயே ஒட்டிக்கிட்டு, அடுத்த தகட்டுக்கு அந்தக் காசே அச்சா மாறிடும். தங்கத்தில் இந்தப் பிழை வெளியே தப்பி வர்றது அபூர்வம், ஏன்னா தங்கத்தை ஒவ்வொண்ணா எடை பார்ப்பாங்க. அதே கோப்பையில் இன்னொரு காசு, 1675-ன் கினி: இரண்டாம் சார்லஸோட லத்தீன் பேரில் ஏ, ஆர் ரெண்டு எழுத்தும் இடம் மாறியிருக்கு. ராஜா பேரிலேயே டைப்போ! அது 9,600 பவுண்டு. புரொடக்‌ஷனுக்குப் போன பக், முந்நூறு வருஷம் கழிச்சு அதிக விலை வாங்கித் தருது. நம்ம பக் எல்லாம் அப்படி ஆகாது, நம்பிக்கை வெச்சுக்காதீங்க.

நாலாவது, நிலை. அதே வருஷம், அதே அச்சு. ஒண்ணு தேய்ஞ்சது, ஒண்ணு நேத்து அடிச்ச மாதிரி. விலை பல மடங்கு மாறும். அமெரிக்காவில் 1 முதல் 70 வரை எண் போடும் முறை இருக்கு. பிரிட்டனில் ஃபைன், வெரி ஃபைன்னு வார்த்தையில் சொல்வாங்க.

காசிலேயே எழுதியிருக்கும் வரலாறு

சில கினிகளில் ராஜா தலைக்குக் கீழே குட்டியா ஒரு யானை இருக்கும். சில வருஷங்களில் யானை மேல கோட்டை. பார்க்க அழகா இருக்கும். அது ராயல் ஆஃப்ரிக்கன் கம்பெனியோட சின்னம். தங்கம் அவங்க கொண்டு வந்ததுன்னு அடையாளம். அதே கம்பெனி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக் கப்பல் ஏற்றின கம்பெனி. யானை கினி வாங்குறவர் இதையும் சேர்த்துத்தான் வாங்குறார். தெரிஞ்சு வாங்குறது நல்லது.

1729-ல் தொடங்கி இரண்டாம் ஜார்ஜின் சில கினிகளில் "ஈ.ஐ.சி."ன்னு மூணு எழுத்து இருக்கும். கிழக்கிந்தியக் கம்பெனி கொடுத்த தங்கம். நமக்கு அறிமுகம் தேவையில்லாத கம்பெனி.

எடை சரியா இருந்தா போதுமா?

சரி, ஒருத்தர் கினின்னு ஒண்ணைக் காட்டுறார். அசல்தானா? நம்ம உள்ளூர் வழக்கம் உரைகல்லில் உரசிப் பார்க்கிறது. பழைய நாணயத்தில் அதை மட்டும் செஞ்சிடாதீங்க. உரசின கோடு விலையைக் குறைச்சிடும்.

சோதனையை மூணு அடுக்கா நினைச்சுக்கோங்க.

முதல் அடுக்கு, உலோகம். எடை, விட்டம், அப்புறம் தண்ணீரில் தொங்கவிட்டு அடர்த்தி. 22 காரட் தங்கம்னா ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 17.5 கிராம் வரணும். எக்ஸ்-ரே கருவி இருந்தா கீறல் இல்லாமலே கலவையைச் சொல்லிடும்.

ஆனா இது போதாது. ஏன்? காசோட விலை தங்க விலையை விடப் பல மடங்குன்னா, போலி செய்யறவன் நல்ல தங்கத்திலேயே செய்வான். அப்பவும் அவனுக்கு லாபம்தான். இருபதாம் நூற்றாண்டில் பெய்ரூட்டில் சரியான தங்கத்திலேயே போலி சாவரின்கள் அடிச்சது ஊரறிஞ்ச கதை.

அதனால் ரெண்டாவது அடுக்கு, செய்முறை. அச்சில் அடிச்சதா, வார்த்ததா? வார்ப்புன்னா லென்ஸில் சின்னச் சின்னக் குமிழிகள், ஓரத்தில் ஒட்டுக்கோடு தெரியும். எழுத்து, புள்ளி, முடிச்சுருள் எல்லாம் தெரிஞ்ச அசல் காசோட படத்தில் பொருந்துதான்னு ஒவ்வொண்ணா ஒப்பிடுவாங்க. கூடவே, காசை முன்னாடி யாராவது நகையா மாட்டியிருந்தாங்களான்னு பார்க்கணும். ஐரோப்பாவிலும் நம்ம காசுமாலை மாதிரி தொங்கவிடுற பழக்கம் உண்டு. கொக்கியைப் பத்தவெச்சு எடுத்த தழும்பு, துளையை அடைச்ச இடம், பாலிஷ் போட்ட செயற்கை மினுமினுப்பு: மூணுமே விலையை நல்லாக் குறைக்கும்.

மூணாவது அடுக்குதான் மூலப்பத்திரம். ஏன் தேவைங்கிறதுக்கு ஒரு சுவையான உதாரணம். நெதர்லாந்தின் தங்க டுகாட், 1586-லிருந்து வருது: கவசம் போட்ட வீரன், கையில் வாளும் அம்புக்கட்டும், மூன்றரை கிராம் எடை. ஐரோப்பா முழுக்க எல்லாரும் நம்பிய காசு. எவ்வளவு நம்பினாங்கன்னா, ரஷ்ய அரசாங்கமே செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ரகசியமா டச்சு டுகாட் அடிச்சது! 18-ஆம் நூற்றாண்டில் ஆரம்பிச்சு 1868 வரைக்கும். ஒரு அரசு இன்னொரு அரசோட காசை ஃபோர்க் பண்ணி வெச்சிருக்கு. தங்கம் நல்ல தங்கம், எடை சரியான எடை. அச்சின் நுணுக்கமும் காசு வந்த வழியும் சேர்ந்துதான் எது எந்த ஊர்ச் சரக்குன்னு சொல்லும். தராசு சொல்லாது.

பானையிலிருந்து பிரிஞ்ச காசு

இப்போ என்னைக் கொஞ்சம் உறுத்துற விஷயத்துக்கு வர்றேன். எல்லர்பி காசுகள் ஏலத்தில் தனித்தனியா போயிடுச்சு. 264 காசு ஒண்ணா இருந்தப்போ அது ஒரு குடும்பத்தோட சேமிப்புப் புத்தகம். நூறு வருஷம் பழைய காசும் புதுக் காசும் ஒரே நேரத்தில் புழங்கினதுக்குச் சாட்சி. பிரிஞ்ச பிறகு, ஒவ்வொண்ணோடும் இருக்கிறது ஒரு சீட்டும் ஏலப் பட்டியலில் ஒரு பக்கமும் மட்டும்தான். அந்தச் சீட்டு தொலைஞ்சா, அது வெறும் தேய்ஞ்ச கினி.

நல்ல வேளையா, பிரிக்கிறதுக்கு முன்னாடி படம் எடுத்து, எண்ணிப் பதிவு பண்ணாங்க. புதையல் கிடைச்சதைச் சொல்லாமலே மறைச்சு ஒவ்வொண்ணா விக்கிறவங்களை நினைச்சுப் பாருங்க. அங்க தங்கம் தப்பிக்குது, கதை செத்துடுது. அதைத் திரும்ப எந்த லேப்பிலும் எடுக்க முடியாது. பேக்கப் இல்லாத டெலிட்.

அதனால்தான் சட்டம். பிரிட்டனில் 1996-ன் புதையல் சட்டம், முந்நூறு வருஷத்துக்கு மேலான தங்க அல்லது வெள்ளிக் காசு ரெண்டோ அதுக்கு மேலயோ ஒண்ணாக் கிடைச்சா அறிவிக்கணும்னு சொல்லுது. நம்ம நாட்டில் 1878-லிருந்தே புதையல் சட்டம் இருக்கு. மண்ணில் கிடைச்ச புதையல் பத்து ரூபாய்க்கு மேல் பெறும்னா கலெக்டருக்குச் சொல்லியாகணும்.

வாங்க நினைக்கிறவங்களுக்கு இன்னொரு சட்டம்: 1972-ன் பழம்பொருள் சட்டம். நூறு வருஷத்துக்கு மேலான நாணயத்தை அது பழம்பொருள்னு வகைப்படுத்துது. இந்தியாவை விட்டு வெளியே கொண்டு போகக் கடும் கட்டுப்பாடு. "லண்டன் ஏலத்தில் வாங்கி இங்க வெச்சுக்கிட்டு, விலை ஏறினதும் அங்கேயே வித்துடுவேன்"னு திட்டம் போடுறவங்க, ஏலத்தில் கை தூக்குறதுக்கு முன்னாடி இதையும் சுங்க வரியையும் படிச்சுடுங்க.

ஆரம்பிக்கணும்னா

முதலில் புத்தகமும் பழைய ஏலப் பட்டியலும். பெரிய ஏல நிறுவனங்களோட பட்டியல்கள் இணையத்தில் இலவசமாவே கிடைக்குது. படம், எடை, முன்பு யாரிடம் இருந்தது எல்லாம் இருக்கும். ஆறு மாசம் அதைப் பார்த்தாலே கண் பழகும்.

அடுத்து, விக்கிறவர்கிட்ட மூணு கேள்வி. இது எங்கிருந்து வந்தது? இதுக்கு முன்னாடி எப்போ, எங்கே வித்தாங்க? போலின்னு தெரிஞ்சா திருப்பி எடுத்துக்குவீங்களா, எழுத்தில் கொடுப்பீங்களா? மூணாவது கேள்விக்குச் சிரிச்சுட்டு மழுப்பினா, நன்றி சொல்லிட்டு நகர்ந்துடுங்க.

ஏலத்தில் சுத்தியல் விழுந்த விலை வேற, நீங்க கட்டுற விலை வேற. மேல இருபது சதவீதம் அளவுக்குக் கமிஷன் வரும். நான் சொன்ன எல்லர்பி விலைகளும் கமிஷன் சேர்த்துத்தான்.

பெரிய காசில் ஆரம்பிக்க வேண்டாம். தேய்ஞ்ச அரைக் கினியோ ஒரு டச்சு டுகாட்டோ போதும். ஆனா அதோட சீட்டு, ரசீது, பட்டியல் பக்கம் எல்லாத்தையும் காசோடவே வைங்க. கழுவாதீங்க, தேய்க்காதீங்க. தனியா ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் எடை, படம், வாங்கின தேதி, யாரிடம்னு எழுதி வைங்க. நீங்க அந்தக் காசோட கடைசி உரிமையாளர் இல்ல. நடுவில் வர்ற ஒருத்தர். உங்களுக்கு அப்புறம் அதை எடுக்கிறவருக்கு அந்த ஸ்ப்ரெட்ஷீட்தான் மூலப்பத்திரம்.

முதலீடான்னு கேட்டா, தங்கம் முதலீடாக வேணும்னா தங்கமே வாங்குங்க. அதுக்கு இவ்வளவு வேலை இல்ல. இது வேற வகை ஆசை. எட்டு கிராமில் ஒரு ராஜா, ஒரு போர், ஒரு கம்பெனி, சில நேரம் ஒரு எழுத்துப் பிழை.

இன்னைக்கு இவ்வளவுதான். உங்க வீட்டில் பழைய காசு ஏதாவது இருந்தா, அது எப்படி வந்ததுன்னு பெரியவங்ககிட்ட கேட்டு, அவங்க சொல்றதை அப்படியே எழுதி வைங்க. எனக்கும் அனுப்புங்க, அனுமதி கொடுத்தா அடுத்த எபிசோடில் படிக்கிறேன். அடுத்த முறை, வெள்ளிக் காசு எப்படி ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்கு ஓடிச்சுன்னு பார்க்கலாம்.